பலாக்கட்டைத் தொட்டியும் கருகிய இலைகளும்

"டீச்சர், பக்கத்து வீட்டுச் செடிக்குக் கொதிதண்ணி ஊத்துவேனா நான்? நீங்களே சொல்லுங்க!"

உக்குவளையிலிருந்து பஸ் ஏறி வந்த அம்றா உட்காரவே மறுத்துவிட்டாள். வட்டிலப்பம் என்ற இனிப்பைச் செய்து விற்றுப் பிழைப்பவள். பக்கத்து வீட்டு றம்லா ஆசையாய்த் தொட்டியில் நட்ட செடிகள் கருகிவிட, பொறாமையில் இவள்தான் ஊற்றினாள் என்று றம்லா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட ஒரு கலியாண வீடு இவளிடம் சொன்ன ஓடரையே வேண்டாமென்றுவிட்டது.

"றம்லா ராத்தா அப்ப ஊர்லயே இல்ல. அவங்கட புருஷன் சாலிஹ் நானாட கூடப்பொறந்த ராத்தாவோட அவங்களுக்குக் கதபேச்சில்ல. நாவுலயில அந்த வீட்டுக் கலியாணம் வரவும், வேணுமின்டே கொழும்புக்கு மகள் வீட்டுக்குப் போயிட்டாங்க. வந்து பாத்தா இப்பிடி."

அவளுக்குப் படிப்பித்த சந்திரவதனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கணவர் தர்மலிங்கமோ தேநீரை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். எதையும் நேரில் பார்க்காமல் வாய் திறக்கமாட்டார்.

"உங்களுக்குக் கோபமே வராதோ?"

"வரும். முதல்ல தொட்டியைப் பாப்பம், வாங்கோ."

றம்லா வீட்டு முன்தோட்டத்தில் றம்புட்டான் மர நிழல் நாள் முழுக்க விழுந்து கிடந்தது. மதிலோரம், பலாக்கட்டையைக் குடைந்த தொட்டி. முன்னால் நின்ற உயரமான பன்னச் செடிகளின் மேலிலைகள் தீய்ந்திருந்தன, அடியிலைகள் பச்சை. தர்மலிங்கம் தொட்டியின் பின்னால் எட்டிப் பார்த்து, குட்டையான பிகோனியாக்கள் மதிலோடு ஒடுங்கிக் கிடப்பதை மனைவிக்குக் காட்டினார். தொட்டியின் அந்தப் பக்கத்துப் பாசியும் காய்ந்து பழுப்பாயிருந்தது; கீழே நிலத்துப் பாசி பச்சையாகவே இருந்தது. விளிம்பில் பொன்னிற ரிபன் துண்டொன்று குண்டூசியோடு தொங்கியது.

றம்லாவும் சாலிஹும் வாசலுக்கு வந்தார்கள்.

"பிகோனியாவை எந்தப் பக்கம் நட்டனீங்கள்?" என்று தர்மலிங்கம் கேட்டார்.

"முன்னுக்குத்தான்! உசரமானத முன்னுக்கு வச்சா பின்னால இருக்கிறது தெரியுமா?" என்ற றம்லா, குனிந்து, பின்னால் கிடந்த பிகோனியாவைத் தொட்டுப் பார்த்தாள். ஆத்திரத்தில் இருந்தவள் இதைக் கவனிக்கவேயில்லை.

"அப்ப தொட்டி திரும்பியிருக்கு. கொதிதண்ணி எண்டால் அடியிலையும் வெந்திருக்கும், கீழ நிலத்துப் பாசியும் செத்திருக்கும். இது வெயில் சுட்டது. அதுவும் வெளிச்சமே படாத மதில் பக்கம் காய்ஞ்சிருக்கு. தொட்டி வேற எங்கயோ வெயிலில நிண்டு, மாறித் திரும்பி வந்திருக்கு. ரிபன் கட்டுறது கலியாண மேடைக்கு. நீங்கள் இல்லாத நேரம் வீட்டில இருந்தது யார்?"

சாலிஹ் தலை குனிந்தார். "நாவுலயில ராத்தா மேடைக்கு முன்னால வைக்கக் கேட்டாங்க. சொன்னா வீடு ரெண்டாகும்னு..."

"அந்த வீட்டுப் பக்கம் தலவச்சும் படுக்கப்படாதுன்டு சொன்னேனே!" றம்லா புருஷன்மேல் பாய்ந்தாள். அவரும் பதிலுக்குக் கத்தினார்.

சந்திரவதனாவுக்குப் பொறுக்கவில்லை. "நிப்பாட்டுங்கோ! நீங்கள் வாய மூடிக்கொண்டிருந்தீங்கள், அவ வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னா. நாசமாப்போனது இந்தப் பிள்ளையின்ர பேர். அதைப் பற்றி ஒரு வார்த்தை வருதோ?"

"நான் போய் எல்லார்ட்டயும் உண்மையச் சொல்றேன்" என்றார் சாலிஹ்.

"நீங்க வேணாம் நானா," என்றாள் அம்றா. "சொன்னவங்க சொல்லட்டும். முதல்ல என்ட ஓடர வேணாமின்டு சொன்ன கலியாண வீட்டுல."

றம்லா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கேற்றைத் திறந்தாள். அம்றா கூடவே போனாள், ஒவ்வொரு வாசலிலும் அதைத் தன் காதாலேயே கேட்பதற்கு.