ஆறாத தையல்

நித்யஸ்ரீ அப்பாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்கினாள். வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. இரும்புலியூர் வீட்டுக்குள் அது எட்டவில்லை. உள்ளே ஈரச் சுவரின் வாடை.

அம்மா காமு இறந்து, காரியம் முடிந்த மறுவாரமே அப்பா அனந்தகிருஷ்ணன் மயங்கி விழுந்தார். இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது நின்றால் அவர் இதயமும் நின்றுவிடும். அன்று போட்ட தையல் இன்னும் ஆறவில்லை. சீழைச் சோதித்தும் கிருமி எதுவும் அகப்படவில்லை.

"தூக்கத்துல அவரே சொறிஞ்சிடறார்னு நினைக்கிறேன்," என்று டாக்டர் ஜெபசீலன் சற்று முன்தான் சொல்லியிருந்தார். "கைக்கு உறை போட்டு வைங்க."

போட்டாள். சில நாளில் புண் இன்னும் அகலமாயிற்று.

ஒரு நாள் பஞ்சால் துடைக்கும்போது அப்பா கிசுகிசுத்தார். "நான் தொடவே இல்லைம்மா. உங்கம்மாதான்."

"அப்பா, ப்ளீஸ்."

"இந்த மெஷினை எடுத்துப் போட்டுட்டு என்கிட்ட வாங்கோங்கறா. உள்ளேயிருந்து நகத்தால நோண்டறா."

கரண்ட் போய் மின்விசிறி மெல்ல நின்றது.

தையலுக்கடியில் தோல் புடைத்தது.

அமுங்கியது.

சற்றுத் தள்ளி மறுபடி புடைத்தது.

அப்பாவின் இரண்டு கைகளும் உறைக்குள், மடியில் கிடந்தன.

மறுநாளே ஆபரேஷன். வெளியே வந்த ஜெபசீலனின் நெற்றி வியர்த்திருந்தது.

"மெஷினைச் சுத்தி மெல்லிசா சதை வளர்றது சகஜம்மா. இது தடிமனா, அஞ்சு பிரிவா வளர்ந்து இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. ஒவ்வொண்ணா வெட்டித்தான் எடுத்தோம்." தயங்கினார். "நுனியில நகம் மாதிரி கெட்டியா... லேபுக்கு அனுப்பியிருக்கேன்."

புது மெஷினை வலப்பக்கம் வைத்தார்கள். அந்தக் காயம் சீக்கிரமே காய்ந்தது, இடப்பக்கமும் மூடிக்கொண்டது. அப்பா தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டபடி கேட்டாள்.

"இப்போ அம்மா ஒண்ணும் சொல்றதில்லையே?"

"கோபமெல்லாம் போயிடுத்து," என்றார். "உன்னைத்தான் கேக்கறா."

அவளுக்குக் கண் நிறைந்தது. வலப்பக்கத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இதமான சூடு.

தோலுக்கடியிலிருந்து ஒரு விரல் எழும்பி அவள் விரலிடுக்கில் புகுந்தது. பிறகு இன்னொன்று. சின்ன வயதில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்கும்போது அம்மா பிடித்துக்கொள்ளும் அதே பிடி.

கையை இழுத்தாள்.

வரவில்லை.