ஒவ்வொன்றாகக் கழற்றுவது

ஸ்பீக்கருக்குள் ஒரு வண்டு இருந்தது. பாட்டு ஓடும்போது பதுங்கிக்கொள்ளும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் நாலு நொடி அமைதியில் மட்டும், மூடிய வாய்க்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல், தாழ்ந்த குரலில் ம்ம்ம் என்று கேட்கும். நிஜ வண்டு இல்லை, மின்சார இரைச்சல்தான். அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் பாட்டு செட் வைத்திருந்த அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தார். அவள் அறையின் நடுவில் கிடந்த நாற்காலியில், மடியில் அச்சுத்தாள்களும் கையில் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். பதிப்பகம் ஒன்றுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது அவள் வேலை. லிஃப்ட் மெக்கானிக் வேலை அவருடையது. கல்யாணமான முப்பத்தொரு வருடமாக வீட்டில் எது பழுதானாலும் ஒரே முறைதான். அவர் பின்னாலிருந்து ஒன்றைக் கழற்றிவிட்டு “இப்போ?” என்பார். முன்னால் உட்கார்ந்திருக்கும் அவள் காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொல்வாள்.

“இப்போ?”

“கேக்குது.”

“இப்போ?”

“கேக்குது.”

“நல்லாக் கேட்டுச் சொல்லு எடிட்டர். கமா, புள்ளியெல்லாம் அப்புறம் தேடலாம்.”

“நான் கமாவையும் தேடுவேன், வண்டையும் தேடுவேன். நீங்க பேசாமக் கழட்டுங்க.”

எல்லாம் அந்தச் சின்னப் பெட்டி வந்த பிறகுதான். டேக் என்பார்கள். கம்ப்யூட்டரிலிருந்து எண்களாக வருவதை வாங்கிச் சத்தமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் உள்ளங்கையகல அலுமினியப் பெட்டி. கம்ப்யூட்டரோடு தொடர்பு இருந்தால் அதன் முகப்பில் பச்சை விளக்கு, அறுந்தால் சிவப்பு. முதல் மாதம் நினைத்த நேரமெல்லாம் சிவப்புக்குத் தாவிப் பாட்டைப் பாதியில் நறுக்கியது. யுஎஸ்பி கேபிளை மாற்றி அதைச் சரிசெய்தார். அது போனதும் வண்டு வந்தது.

“ரெண்டு வழியா எர்த் கெடைச்சா நடுவுல கரண்ட் வட்டமா சுத்தும். அதுதான் முனகுது. எந்த ஒயருன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான். ஆனா ஒரு நேரத்துல ஒன்னைத்தான் கழட்டணும். ரெண்டைச் சேர்த்துக் கழட்டினா குற்றவாளி தப்பிச்சுருவான்.”

மாடியில் குடியிருந்த டெய்லரின் குரல் ஜன்னல் வழியாக இறங்கி வந்தது. “அக்கா, வண்டு செத்துச்சா இல்லையா? இங்க எனக்குத் தையல் கோணுது!”

“உன் தையல் என்னைக்குடா நேரா இருந்துச்சு?” என்று அலமாரிக்குப் பின்னாலிருந்தே கத்தினார். மேலே சிரிப்பு, அதைத் தொடர்ந்து தையல் மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம்.

ஏழு மணிக்கு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்.”

மறுநாள் காலை பதினொன்றே காலுக்கு அவர் இறந்துபோனார். லிஃப்ட் குழியின் அடியில் நின்றுகொண்டு “ஆஃப் பண்ணியாச்சா?” என்று கேட்டாராம். மேலே நின்றவன் சுவிட்சைப் பார்க்காமலேயே “பண்ணியாச்சு” என்றானாம். லிஃப்ட் இறங்கிவிட்டது. எந்தப் பதிலையும் நேரில் போய்ச் சரிபார்க்காமல் விடமாட்டார். அன்று ஒரு தடவை விட்டுவிட்டார்.

ஒரு மாதம் அவள் அந்த அறைக்குள் போகவில்லை. மகள் தினமும் ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள்.

“அப்பாவோட ரெண்டாவது பொண்டாட்டி எப்படிம்மா இருக்கா?” பாட்டு செட்டை அவள் அப்படித்தான் சொல்வாள்.

“மூடி வெச்சிருக்கேன். தூசி.”

“ஞாயித்துக்கிழமை நான் வந்து கட்டி எடுத்து வெச்சுடறேன். நீ என்கூட வந்துரு. தனியா அங்க என்ன பண்ணப் போற?”

அவளிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. அவர் பாதியில் விட்ட ஒரே வேலை அது. அதை முடிக்காமல் கட்டி எடுத்துப்போனால், கடைசிப் பக்கத்தைத் திருத்தாமல் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பியதுபோல் ஆகிவிடும்.

ஆகவே சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அவள் அந்த அறையைத் திறந்தாள். வெளியே மேகம் மூடியிருந்தது. அறைக்குள் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும் ஒயர் முனைகளைத் துடைக்க அவர் உபயோகித்த காண்டாக்ட் கிளீனரின் காரமான நெடியும் இன்னும் தங்கியிருந்தன. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. வண்டு உடனே, காத்திருந்ததுபோல், முனக ஆரம்பித்தது.

தனியாளாகச் செய்வதில் எவ்வளவு நடை என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்னால் போய் மண்டியிட்டு ஒன்றைக் கழற்ற வேண்டும், அவர் செய்வதுபோலவே அதன்மேல் வெள்ளை டேப் சுற்றிப் பெயர் எழுத வேண்டும், எழுந்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். யுஎஸ்பியைக் கழற்றினாள். விளக்கு சிவப்பானது, வண்டு நிற்கவில்லை. டேக்கிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் ஒயரைக் கழற்றினாள். நிற்கவில்லை. கடைசியில் ஆம்ப்பின் பிளக்கையே தரையில் கிடந்த பிளக் பலகையிலிருந்து பிடுங்கினாள். அதன் விளக்கு மெல்ல மங்கி அணைந்தது.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

ம்ம்ம்.

உள்ளே கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்கும் என்று அவர் சொன்னதுண்டு. கொஞ்ச நேரம் என்றால் சில நொடி. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமியது. மாடியில் தையல் மெஷின் ஓடியது. தெருவில் நாய் குரைத்தது. இத்தனைக்கும் அடியில், ஈரத் தரையில் பரவும் எண்ணெய்போல், அந்த முனகல் குறையாமல் பரவியிருந்தது.

“இப்போ?”

“கேக்குது” என்றாள் அவள்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கேள்வி அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்திருந்தது. அதே குரல். மண்டியிட்டிருப்பவரின், மூச்சு கொஞ்சம் வாங்கும் குரல். முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

பின்னால் டக் என்று ஒரு பிளக் கழன்றது.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் நின்றது.

எழுந்து போய் எட்டிப் பார்த்திருக்கலாம். நாலு அடி தூரம்தான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் மண்டியிடும் அகலத்துக்கு இருட்டு இருந்தது. எட்டிப் பார்த்து அங்கே யாரும் இல்லையென்றால் அந்தக் குரல் இனி வராது. அதை நினைத்தபோது வந்த பயம் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“இப்போ?”

ஒரு சொல்தான். ஆனாலும் அவர் சொல்வது. பதில் சொன்னால் மறுபடி கேட்பார்.

“கேக்குதுங்க” என்றாள். கண்ணில் நீர் வந்திருந்தது.

டக்.

சுவர்க் கடிகாரம் நின்றது. அது பேட்டரியில் ஓடுவது. அதற்கு ஒயரே கிடையாது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

“இப்போ?”

“கேக்குது.”

தெருநாய் குரைத்துக்கொண்டிருந்தது. ஒரு குரைப்பின் முதல் பாதி கேட்டது. மறுபாதி வரவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே எதுவும் ஓடும் சத்தமில்லை, ஊளையில்லை. அறை பெரிதாகிக்கொண்டே போவதுபோலிருந்தது. மிச்சமிருந்தவை இரண்டு சத்தங்கள். முனகல். மேலே தையல் மெஷின்.

“இப்போ?”

இந்தத் தடவை சொல்லக் கூடாது என்று நினைத்தாள். பற்களைக் கடித்தாள். அவர் காத்திருந்தார். பொறுமையானவர். எவ்வளவு நேரமானாலும் மண்டியிட்டே இருப்பார். முட்டி வலிக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. வலித்தால் எழுந்து போய்விடுவாரே என்று அடுத்த கணம் தோன்றியது.

“கேக்குது” என்றாள், மிக மெல்ல.

டக்.

மேலே மெஷின் நடுத்தையலில் நின்றது. கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. பிறகு கனமாக, மெத்தென்று, இன்னொன்று விழுந்தது.

“தம்பி?” என்று கூரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். “டெய்லர் தம்பி?”

ம்ம்ம்.

இதை நான்தான் செய்தேன். ஒரு சொல்லைக் கேட்க ஆசைப்பட்டு.

மடியில் போன் அதிர்ந்தது. மகள். ஐந்து மணியாகிவிட்டிருக்கிறது. எடுக்காமல் விட்டிருக்க வேண்டும். கை எடுத்துவிட்டது.

“அம்மா, ஏன் மூச்சு வாங்கறே? மாடிப்படி ஏறினியா?”

“போனை வை பாப்பா. அப்புறம் பேசறேன்.”

“என்னாச்சு? அங்க ஏன் இவ்வளவு அமைதியா...”

“இப்போ?”

மகள் பேச்சை நிறுத்தினாள். “அம்மா. அது அப்பா குரல் மாதிரி இருக்கு. பழசு ஏதாவது போட்டுக் கேக்கறியா?”

அலமாரிக்குப் பின்னால் விரல்கள் தடவிக்கொண்டு நகர்ந்தன. அடுத்ததைத் தேடி. ஒன்றைப் பிடித்தன. இறுக்கின.

“அம்மா... எனக்கு என்னமோ மாதிரி வருதும்மா. கண்ணு...”

“போயிடுச்சு!” என்று கத்தினாள். “போயிடுச்சுங்க! இப்போ கேக்கலை! விட்டுடுங்க!”

விரல்கள் நின்றன.

போனில் மகளின் மூச்சு, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருவதுபோல், இழுத்துக்கொண்டு வந்தது. “ஒன்னுமில்லம்மா... தலை சுத்திடுச்சு. உக்காந்துட்டேன். யார்கிட்ட கத்தினே?”

அலமாரிக்குப் பின்னால் முட்டி சொடுக்கும் சத்தம். உள்ளங்கை சுவரில் ஊன்றும் சத்தம். எழுந்துகொண்டிருந்தார். போயிடுச்சு என்று யார் சொன்னாலும், தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்காமல் அவர் ஒத்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

காலடிகள் சுற்றிக்கொண்டு வந்தன. நாலு அடி. ஆளில்லை. காண்டாக்ட் கிளீனர் நெடி. அதற்கடியில் கிரீஸ். அதற்கும் அடியில், குழியின் அடித்தண்ணீர் வாசனை.

நாற்காலியின் கையில் இரண்டு தட்டு. எழுந்துகொள் என்பதற்கு அவர் எப்போதும் செய்வது.

எழுந்தாள். மெத்தை அமுங்கியது. ஆழமாக. அவர் உயிரோடு இருந்தபோது அமுங்கியதைவிட ஆழமாக. இடதுபக்கம் மட்டும் இன்னும் தாழ்வாக, அந்தப் பக்கத்தில் எலும்பு சரியாக இல்லாத ஒருவர் உட்கார்ந்ததுபோல்.

அவர் கேட்டார். அவசரமில்லாமல். அவளும் நின்று கேட்டாள்.

ம்ம்ம்.

“கேக்குதே” என்றது குரல். கோபமில்லை. வருத்தம்கூட இல்லை. “நான் இங்க இருக்கேன். நீ போய்க் கழட்டு, எடிட்டர்.”

போனைக் கையில் பிடித்தபடி அலமாரிக்குப் பின்னால் போனாள். மண்டியிட்டாள். தரையில் கழற்றிய பிளக்குகள் நூல் பிடித்ததுபோல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப். முதல் மூன்றும் அவள் எழுத்து. பிறகு அவர் எழுத்து. ஃப்ரிட்ஜ். கடிகாரம். நாய். டெய்லர்.

பலகையில் இன்னும் இரண்டு செருகியிருந்தன. ஒன்று பாதி வெளியே வந்து தொங்கியது. அதில் பாப்பா என்று எழுதியிருந்தது.

அதை இரண்டு கையாலும் உள்ளே தள்ளினாள். அது அழுந்தி உட்காரும்வரை. பிறகு மற்றதைப் பார்த்தாள். எடிட்டர்.

“அம்மா? லைன்ல இருக்கியா?”

ஒரு நேரத்தில் ஒன்று. குற்றவாளி நான்தான். இவரை இங்கே இழுத்து வைத்திருப்பது நான். என்னைக் கழற்றினால் நின்றுவிடும். அவளுக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. பிடித்து இழுத்தாள்.

வலிக்கவில்லை. பிளக் சுலபமாக வந்துவிட்டது. விரல்களுக்குப் பிளக் தெரிவது நின்றது. முட்டிக்குத் தரை தெரிவது நின்றது. போன் நழுவி விழுந்ததைப் பார்த்தாள். விழுந்த சத்தம் எங்கோ தள்ளிக் கேட்டது.

“அம்மா? அம்மா, பேசும்மா!”

பேசினாள். மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மறுபடி பேசினாள். அது மகளுக்கு எட்டவில்லை.

அப்படியானால் ஒருவருக்குத்தான் எட்டும். நாற்காலி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி அவள் கேட்டாள்.

“இப்போ?”

அவர் நெடுநேரம் கேட்டார். நன்றாகக் கேட்டுத்தான் பதில் சொல்வார்.

“கேக்குது.”

நாற்காலி கிறீச்சிட்டது. முட்டி சொடுக்கியது. காலடிகள் அலமாரியைச் சுற்றிக்கொண்டு வந்தன. அவள் பலகையின்மேல் குறுக்கே கவிழ்ந்து, பாப்பா என்று எழுதிய அந்தக் கடைசி ஒயரை இரண்டு கையாலும் பொத்தினாள். கைகள் அதைப் பிடிக்காமல் அதனூடே போயின.

வண்டு, முதல் நாள் முனகிய அதே அளவில், கூடாமல் குறையாமல், முனகிக்கொண்டிருந்தது.