மாத்திட்டியா?

மதிய மாத்திரை இனித்தது.

சின்னவள் அதை நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் டம்ளரைத் தூக்குவதற்குள், வழக்கமாகத் தொண்டைவரை இறங்கும் கசப்புக்குப் பதிலாக ஒரு தித்திப்பு நாக்கு நுனியிலிருந்து கடைவாய்வரை பரவியது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். சின்ன வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. எட்டு மாதமாகத் தினம் நாலு வேளை போட்டுக்கொள்ளும் அதே இதய மாத்திரைதான். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

மணி பன்னிரண்டரை. ஜன்னல் வழியாக நல்ல வெயில் கூடத்துக்குள் விழுந்து, சாப்பாட்டு மேசைமேல் அவள் பரப்பி வைத்திருந்த மருந்தட்டைகளின் வெள்ளித்தாளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. மூன்று மணிக்கு டாக்ஸி, ஆறு மணிக்குக் கப்பல், பத்து நாள் கடல். கப்பல் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய கடிதத்தில், மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள், டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும், நாலு நாளைக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், நடுக்கடலில் மருந்துக்கடை கிடையாது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதியிருந்தார்கள். அதன்படிதான் உட்கார்ந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அத்தானின் ரத்த அழுத்த மாத்திரை, வாந்திக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, அவளுடைய இதய மாத்திரை நாலு அட்டை. முதல் வாரத்துக்கானதைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போட வேண்டும். ஏழு நாள், நாளுக்கு நாலு குழி, ஆக இருபத்தெட்டு குழி.

இன்னொரு அட்டையிலிருந்து ஒன்றை அழுத்தி எடுத்து நக்கினாள். இனித்தது. மூன்றாவது அட்டை, அதுவும் இனித்தது. நாக்குதான் கெட்டுப்போயிற்றோ என்று சமையலறைக்குப் போய் ஒரு விரல் உப்பைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். உப்பு உப்பாகத்தான் கரித்தது. அத்தானின் மாத்திரையை நக்கினாள், குடலைப் புரட்டும் கசப்பு. அவளுடையது மட்டும்தான் இனித்தது.

சின்னவளுக்கு அந்தத் தித்திப்பு புதிதில்லை. ருசித்துப் பழக்கமில்லை, கொடுத்துப் பழக்கம் உண்டு.

அத்தான் பல் டாக்டர். பல் டாக்டர் வீட்டில் சீனி எதற்கு என்று, டீயில் போட இனிப்பு மாத்திரை டப்பாதான் வாங்கி வைப்பார். சின்னதாய், வெள்ளையாய், நடுவில் கோடு போட்டது. அக்கா பெரியவள் இதய நோயில் படுத்தபோது, கூடமாட ஒத்தாசைக்கு என்று இந்த வீட்டுக்கு வந்தவள் சின்னவள். வந்த இடத்தில் அத்தானுக்கு டீ போட்டாள், சட்டைக்கு இஸ்திரி போட்டாள், அவர் சொல்லும் பழைய ஜோக்குக்கெல்லாம் சிரித்தாள். உள்ளறைக் கட்டிலிலிருந்து பெரியவள் அந்தச் சிரிப்பைக் கேட்டபடி படுத்திருந்தாள். ஆனால் படுத்தே கிடக்கவில்லை, அதுதான் வம்பு. புது மாத்திரை வேலை செய்தது. எழுந்தாள், நடந்தாள். இப்படியே விடாமல் போட்டுக்கொண்டால் தாராளமாகக் கப்பலில் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து பெரியவளுக்கு ஒரே ஒரு ஆசை, ஒரு தடவை கப்பலில் போக வேண்டும். அத்தான் அன்றைக்கே இரண்டு டிக்கெட் போட்டார்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் சின்னவள் ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அட்டையிலிருந்து மாத்திரைகளை எடுத்து டப்பாவில் போடுவது அவள் வேலை. பெரியவள் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுப்பாள்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் அக்கா."

பொய் சொல்லவில்லை. அட்டையிலிருந்து டப்பாவுக்கு மாற்றுவதும் மாற்றுவதுதான், ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதும் மாற்றுவதுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது சின்னவளுக்கு அப்போது பெரிய சௌகரியமாக இருந்தது. சமையலறையில் நின்று அதை நினைத்து அவள் ஒருதரம் சிரித்ததுகூட உண்டு.

ஆறாவது வாரம் பெரியவள் மாத்திரையை வாயில் போட்டுவிட்டு, "என்னடி, இனிக்குது?" என்று கேட்டாள். கம்பெனியை மாத்திட்டாங்க அக்கா என்றாள் சின்னவள். பெரியவள் தண்ணீர் குடித்து அதை விழுங்கினாள். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் சின்னவளின் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்காமலேதான் விழுங்கினாள். பத்து நாள் அப்படி விழுங்கினாள். பதினோராம் நாள் பகலில், உள்ளறைக் கட்டிலில், இதயம் நின்றுபோயிற்று. நோயாளிதானே என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்துப் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா இருந்தபோதும் அத்தான், இப்போதும் அத்தான். கூப்பிடும் சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதமே சின்னவளுக்குப் படபடப்பு வந்தது. பரம்பரையாக வருவதும்மா, உங்க அக்காவுக்கு இருந்ததேதான் என்றார் அதே டாக்டர். அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

சின்னவள் இப்போது மருந்துக்கடைக்குப் போன் போட்டாள். மாத்திரை இனிக்கிறது என்றதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்படி யாரும் சொன்னதில்லையே, சந்தேகமாக இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். "டாக்டர் சீட்டை மறக்காம எடுத்துட்டு வாங்கம்மா. மாத்தித் தர்றேன்."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் சட்டென்று போனை வைத்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், சும்மாவா சொன்னார்கள். சீட்டு உள்ளறையில் இருந்தது. கட்டில்மேல் விரித்து வைத்திருந்த பெட்டியின் மூடிப் பையில் அவளே காலையில் சொருகி வைத்தது. எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வர இருபது நிமிஷம் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே செருப்பை மாட்டப் போனாள்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டப்.

மின்விசிறி மெல்லக் கிறீச்சிடும் சத்தத்துக்கும், தெருக்கோடியில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தத்துக்கும் நடுவே, கட்டைவிரல் அழுத்தி வெள்ளித்தாள் கிழிந்து மாத்திரை வெளியே துள்ளுகிற அந்தச் சின்னச் சத்தம். ஒரு கணம் கழித்து இன்னொன்று, பிளாஸ்டிக் குழியில் மாத்திரை விழும் சத்தம். டிக். இந்த வீட்டில் அந்த இரண்டு சத்தத்தையும் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

பல்லியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வெயிலில் ஜன்னல் கட்டை வெடிக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். டப், டிக். டப், டிக். அவசரமே இல்லை. நாலு தரம் கேட்கும், சற்று நிற்கும். பிறகு மறுபடி நாலு. காலை, மதியம், மாலை, இரவு. காலை, மதியம், மாலை, இரவு. இடையிடையே ஒரு மூச்சு வாங்கல், நாலடி நடந்துவிட்டுச் சுவரைப் பிடித்து நிற்பவர்களுக்கு வருமே, அது. கற்பூரத் தைலமும் வெகுநாள் மாற்றாத படுக்கை விரிப்பும் கலந்த வாசனை கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வந்தது. அந்த விரிப்பைச் சின்னவள் தன் கையாலேயே எரித்திருந்தாள்.

எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தாள். எண்ணினாள். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு.

இருபத்தெட்டு.

பிறகு சத்தம் இல்லை.

மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தானின் மாத்திரை இருந்தது. வாந்தி மாத்திரை இருந்தது. டப்பாவைக் காணோம். அவளுடைய நாலு அட்டைகளையும் காணோம்.

இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டுப் பிறகு இரண்டாகச் சேர்த்து அடித்தது. மாத்திரை வேண்டும். உண்மையான மாத்திரை, கசக்கிற மாத்திரை. அதற்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு உள்ளே போக வேண்டும். பட்டப்பகல்தானே என்று வாய்விட்டே சொன்னபடி கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. கட்டில், இரண்டு பெட்டிகள், மூடிய ஜன்னல். கட்டில் நடுவே டப்பா. இருபத்தெட்டு குழியும் நிறைந்திருந்தது. பக்கத்தில் காலி அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருந்தன. பெட்டியின் மூடிப் பைக்குள் கையை விட்டாள். சீட்டு இல்லை. மெத்தையில் ஒரு பள்ளம். இவ்வளவு நேரம் யாரோ உட்கார்ந்திருந்த பள்ளம், தொட்டால் ஐஸாகச் சில்லிட்டது. சீட்டைத் தேடிப் பெட்டியைக் கிளறியபடி அவளும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது தன் இடுப்புக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது என்று.

மூச்சு வாங்கியது. வாய் தானாகத் திறந்தது. அவள் கேட்க நினைத்ததல்ல அது. இந்தக் கட்டிலில் உட்கார்ந்தவர்கள் கேட்கும் கேள்வி.

"மாத்திட்டியா?"

கூடத்திலிருந்து பதில் வந்தது. மெல்லிய குரல், மூச்சு வாங்காத குரல்.

"மாத்திட்டேன்டி."

கதவு சாத்திக்கொண்டது. காற்று இல்லை. கை இல்லை. சாத்திக்கொண்டது.

திரும்பிப் பார்த்தபோது கட்டில்மேல் பெட்டிகளும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சக்கரங்கள் தரையில் உருளும் சத்தம். பீரோ திறந்தது. வளையல்கள் குலுங்கின, அவளுடைய வளையல்கள். கப்பலுக்கென்று வாங்கிய புதுப் பட்டுப்புடவை மடிப்புப் பிரியும் சரசரப்பு. யாரோ பாட்டு முணுமுணுத்தார்கள். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. வெயில் மட்டும் ஜன்னல் கண்ணாடியில் நகர்ந்துகொண்டிருந்தது.

வாசலில் டாக்ஸி ஹாரன். அழைப்பு மணி. அத்தான்.

அக்கா தங்கை இரண்டு பேர் முகச்சாயலும் குரலும் ஒன்றுபோல இருக்கும். போனில் பேசினால் அத்தானுக்கு எப்போதும் குழப்பம்தான். பெண்டாட்டி என்று நினைத்து மச்சினிச்சியைக் கொஞ்சினேன் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சின்னவள் கத்த முயன்றாள். வந்தது காற்று மட்டும்.

"ரெடியா? முகத்துல என்ன இவ்வளவு களை" என்றார் அத்தான். "மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டியா?"

"எனக்கு இனிமே மாத்திரை வேண்டாம் அத்தான்."

அவர் சிரித்தார். உள்ளறை ஜன்னலைச் சாத்தினாயா என்று கேட்டார். சாத்தியாச்சு என்றது குரல். சக்கரங்கள் வாசல்படியில் தடதடவென்று இறங்கின. முன்கதவு மூடியது. பூட்டில் சாவி ஒருமுறை திரும்பியது. இன்னொரு முறை திரும்பியது.

பத்து நாள். பத்து நாளைக்கு யாரும் வரமாட்டார்கள்.

எழுந்து ஓட வேண்டும். ஜன்னலைத் தட்ட வேண்டும். எழுந்தாள். கால்கள் பிரியவில்லை. கட்டிலிலேயே விழுந்தாள். குனிந்து பார்த்தாள். இரண்டு கால் கட்டைவிரல்களும் வெள்ளைத் துணிநாடாவால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. இரட்டை முடிச்சு. இறுக்கம்.

வெளியே டாக்ஸி கிளம்பியது.

அத்தான் என்று கூப்பிட வாயைத் திறந்தாள். தாடைக்கு அடியில் மெத்தென்று எதுவோ பட்டது. துணி. இரண்டு காதுகளையும் உரசிக்கொண்டு மேலே ஏறியது. உச்சந்தலையில் முடிச்சு விழுந்தது. இழுத்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதி மூடிக்கொண்டன. அறையில் வேறு யாரும் இல்லை. எதிர்ச்சுவர், ஜன்னல், வெயில்.

மூக்கால்தான் மூச்சு விட்டாள். வேகவேகமாக.

பிறகு, கொஞ்சமும் அவசரமில்லாமல், இடது மூக்கில் பஞ்சு நுழைந்தது.

அடுத்தது, வலது.