கேட்டில் கேட்ட குரல்

"கொலைகாரி! ஒம் புருசன்தான்டி எம்மவளக் கொன்னான்!"

சிவகாசி ஆஸ்பத்திரியின் பிணவறை வாசல் அதிர்ந்தது.

அலறியவள் நாரணாபுரம் செல்லத்தாய். அவள் மகளோடு சேர்த்து மூன்று பெண்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போன வேன்... லெவல் கிராசிங்கில் ரயில் மோதி நொறுங்கியிருந்தது.

வேனை ஓட்டியவன் பிரபாகரன். அவனும் உள்ளே வெள்ளைத் துணிக்குள் கிடந்தான்.

அவன் மனைவி மாரிசெல்வி செல்லத்தாயின் காலைப் பிடிக்கக் குனிந்தாள்.

"கேட்கீப்பர் வாக்குமூலம் கொடுத்துட்டான்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "பாதி சாத்துன கேட்டுக்குள்ள உன் புருஷன்தான் வேனை விட்டிருக்கான்."

"அவுக அப்படிப்பட்டவுக இல்லைய்யா..."

"செத்தவன்கிட்ட நான் எப்படி விசாரிக்கிறது?"

ஜீப் கிளம்பிவிட்டது.

கம்பெனி மேனேஜர் சோலைச்சாமி மட்டும் அருகில் வந்தார்.

"அழாத தாயி. கேஸு, கோர்ட்டுன்னு அலையாத. ரயில்வேகூட மோதி எவன் ஜெயிச்சிருக்கான்? பேசாம இரு."

எப்படிப் பேசாமல் இருப்பாள்? குழாயடியில் அவள் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை!

வக்கீல் பெர்சிஸைத் தேடிப் போனாள்.

"ட்ரெயின்ல போனவங்கன்னா ரயில்வே ட்ரிப்யூனல். வேன்ல போனவங்களுக்கு மோட்டார் விபத்து கோர்ட். கேட் திறந்து கிடந்துச்சுன்னு நிரூபிச்சா ரயில்வே பதில் சொல்லியாகணும்."

"நிரூபிச்சிரலாமாம்மா?"

பெர்சிஸ் தலை குனிந்தாள்.

"பார்த்தவங்க எல்லாரும் செத்துட்டாங்க மாரிசெல்வி. கேட்கீப்பரைத் தவிர."

கோர்ட்.

சாட்சிக் கூண்டில் ஏறியவரைப் பார்த்து மாரிசெல்வி திடுக்கிட்டாள். சோலைச்சாமி! ரயில்வே தரப்புச் சாட்சி!

"பிரபாகரன் எப்பவுமே அவசரக்காரன்தான்யா. அன்னைக்கு நான் கம்பெனியில இருந்தேன். சேதி கேட்டுத்தான் ஓடியாந்தேன்..."

மாரிசெல்விக்கு இனி யார் இருக்கிறார்கள்?

ரயில்வே வக்கீல் ஸ்பீக்கரை மேஜையில் வைத்தார்.

"யுவர் ஆனர், ரயில் வர்றதுக்கு முன்னால ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் போடுவார். சாத்தியாச்சுன்னு சொன்னாத்தான் சிக்னல். அந்தப் பதிவைக் கேளுங்க!"

'கேட் சாத்தியாச்சா?'

'சாத்தியாச்சு சார்!'

வக்கீல் சிரித்தபடி நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க!" பெர்சிஸ் துள்ளி எழுந்தாள். "எங்களுக்குக் கொடுத்த காப்பி இதோட முடியுது. இது இன்னும் ஓடுதே... ஓடட்டும்!"

நீதிபதி தலையசைத்தார்.

கரகரப்பு... கேட்கீப்பர் போனைச் சரியாக வைக்கவில்லை!

'அண்ணாச்சி, ட்ரெயின விட்டுட்டாக... கேட்டச் சாத்தணும்!'

'ஏலே, என் காரும் பின்னால வேனும் போயிரட்டும்லே! தீவாளி சீசன் நேரம். அப்புறம் சாத்து!'

கோர்ட்டே கூண்டைத் திரும்பிப் பார்த்தது. சோலைச்சாமியின் குரல்!

சற்றுத் தள்ளி இன்னொரு குரல்.

'அண்ணாச்சி! ட்ரெயின் சத்தம் கேக்குது. நான் நிக்கேன்!'

மாரிசெல்வி பாய்ந்து எழுந்தாள்.

"எங்க வீட்டு ஆளு! எங்க வீட்டு ஆளு கொரலு!"

'வாலே பின்னால! வேலை வேணுமா, வேண்டாமா?'

வேன் உறுமியது.

"போகாதீக!" ஸ்பீக்கரைப் பார்த்துக் கதறினாள் மாரிசெல்வி. "அங்கனயே நில்லுங்க... போகாதீக!"

ரயிலின் ஊதல்... பெண்களின் அலறல்... பிறகு அந்தச் சத்தம்!

அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தாள். பின்வரிசையிலிருந்து ஓடிவந்த செல்லத்தாய் அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

கூண்டிலிருந்து நழுவப் பார்த்த சோலைச்சாமியின் தோளில் கான்ஸ்டபிளின் கை விழுந்தது.

ரயில்வே வக்கீல் வியர்வையைத் துடைத்தார்.

பெர்சிஸ் ஈரக் கண்களோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"என் கட்சிக்காரிக்காக இவ்வளவு அருமையா வாதாடிட்டீங்களே சார்... வக்காலத்துல உங்க பேரையும் சேர்த்துக்கட்டுமா?"