காலை எடுத்த பிறகும் சுற்றும் சக்கரம்

அக்காவுக்கு நாளைக்கு இயற்பியல் பரீட்சை. சாயங்காலத்திலிருந்து புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘விசையும் இயக்க விதிகளும்’ என்று தலைப்பு. அக்காவிடம்தான் அசைவே இல்லை.

தங்கைக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, பார்த்தாலே தெரியும்.

“பக்கத்தத் திருப்பேன்க்கா,” என்றாள் வாலு.

“மண்டையில ஏறவே மாட்டேங்குது. நாளைக்கு நான் பரீட்சைக்குப் போகல.”

“ஃபெயில் ஆயிடுவியே.”

“ஆனா ஆயிட்டுப் போறேன்.”

வாலுவுக்குக் காரணம் தெரியும். அம்மா துணி தைப்பவர். அக்கா எப்போதும் அம்மாவின் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக ஒப்பிப்பாள். சரியாகச் சொல்லும்வரை மெஷின் கடகடவென்று ஓடும். தப்பாகச் சொன்னால் நின்றுவிடும். அம்மா வாயே திறக்க மாட்டார். அக்கா புத்தகத்தைப் பார்த்துத் திருத்திச் சொன்னதும் மறுபடி ஓடும்.

போன மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அப்பா மெஷினைப் போர்வை போட்டு மூடினார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

வாலு எழுந்துபோய்ப் போர்வையை இழுத்தாள்.

“தொடாத,” என்றாள் அக்கா. “ஊசி கையில ஏறிடும்.”

“சக்கரத்துத் திருகத் தளர்த்திட்டா ஊசி ஆடாது. அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க.” திருகைத் தளர்த்திவிட்டு, முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, எட்டாத காலை எட்டவைத்து மிதித்தாள். “நீ சொல்லு. நான் ஓட்டுறேன்.”

கடகட சத்தம் கேட்டதும் அக்கா அழுதாள். வாலுவுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

அடுப்படியிலிருந்து அப்பா கரண்டியோடு ஓடி வந்தார். முக்காலியில் வாலுவைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார். அவர் யாரைத் தேடி ஓடி வந்தார் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் விதி பாதியில் மெஷின் நின்றது.

“தப்பா?” என்றாள் அக்கா.

“நீ சொல்றத நிறுத்தினியே.”

“அது இருமல்டி.”

மறுபடி ஓடியது. முதல் விதி முடிந்தது. இரண்டாம் விதியும் முடிந்தது.

“ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. ரெண்டும்... ஒரே பொருள் மேல...”

வாலு காலை எடுத்துவிட்டாள். அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். ‘வெவ்வேறு பொருள்களின் மேல்’ என்று இருந்தது.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கு எங்க தெரியும்? உன் குரல் இழுத்துச்சு.”

“அப்போ அம்மாவும் அப்படித்தான் கண்டுபிடிச்சிருக்காங்க,” என்றாள் அக்கா. “அவங்களுக்கு இயற்பியல் எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“எங்களுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள் வாலு, மெஷினைத் தட்டிக்கொடுத்து. “ஆனா ஒண்ணு கேக்கணும். நான் காலை எடுத்த அப்புறமும் சக்கரம் சுத்துச்சே, ஏன்?”

“அதுதான் நிலைமம். மிதிச்ச கால் போயிட்டாலும், ஓடின சக்கரம் ஓடிக்கிட்டேதான் இருக்கப் பாக்கும்.” சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் கண் நிறைந்தது.

“அப்புறம் ஏன் நின்னுச்சு?”

“உராய்வு.”

வாலு யோசித்தாள். பிறகு காலை மறுபடியும் மிதியில் வைத்தாள்.

“நிக்கவிட வேண்டாம். அடுத்தது சொல்லுக்கா.”

அப்பா மெதுவாக வந்து தரையில் உட்கார்ந்தார். “நானும் இங்கயே இருக்கட்டுமா?”

“இருங்கப்பா. ஆனா பேசக் கூடாது.”

அடுப்படியில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனை வந்தது. அன்றைக்கு யாரும் எழுந்து போகவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.