தவளை நோட்டீஸ்

அந்த நோட்டீஸைப் பார்த்ததும் என் மானமே கப்பலேறிவிட்டது.

"ஜெர்லின் மழலை வகுப்பு. மூன்று முதல் ஆறு வயது வரை. களிமண் பொம்மை, பாட்டு, காகித வேலை. சனிக்கிழமை மாலை 4 மணி, மூலக்குளம்." என் பெயரைப் போட்டது போதாதென்று நடுவில் என் படம் வேறு! எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் பச்சைத் தவளை வேஷத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நான் ஐந்தாம் வகுப்பு, தெரியுமா?

"அம்மா, வேற படமே கெடைக்கலியா?"

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு," என்றார் அம்மா.

அம்மா வேலை பார்த்த நர்சரி பள்ளியைப் போன மாதம் மூடிவிட்டார்கள். அதனால்தான் எங்கள் வீட்டு மாடியில் சொந்தமாக வகுப்பு தொடங்குகிறார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் சர்ச் வாசல்ல எல்லாருக்கும் குடுத்துடு, கண்ணு."

சர்ச் வாசலில் யார் நின்றது தெரியுமா? என் வகுப்பு விக்டர். நான் ஒருமுறை தும்மியதையே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தவன் அவன். நோட்டீஸ் கட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

"குடுத்துட்டியா?"

"ம்... குடுத்துட்டேம்மா."

சனிக்கிழமை வந்தது. அம்மா மாடியைக் கழுவி, பன்னிரண்டு பாய் விரித்து, பன்னிரண்டு களிமண் உருண்டை பிசைந்து வைத்தார். நாலு மணி ஆனது. ஐந்தும் ஆனது. படியில் ஏதோ சத்தம் கேட்டு ஆசையாக ஓடிப்போய்ப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பூனை.

"எங்கிட்ட புள்ளைங்கள அனுப்ப யாருக்கும் இஷ்டமில்ல போல," என்றார் அம்மா. "போவட்டும். திங்கக்கெழம துணிக்கடையில வேல இருக்கான்னு கேக்கறேன்."

ஒவ்வொரு பாயாகச் சுருட்டினார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தவளைப் படத்துக்காகப் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பையிலிருந்த நோட்டீஸ் கட்டை எடுத்துவந்து அம்மா முன்னால் வைத்தேன்.

"ஒண்ணுகூடக் குடுக்கலம்மா. பொய் சொல்லிட்டேன்."

அம்மா கட்டையே பார்த்தார். "நான் கிளாஸ் எடுக்கறது ஒனக்கு வெக்கமா இருக்கா?"

"ஐயோ, இல்லம்மா! விக்டர் தவளையப் பாத்துச் சிரிப்பான்னுதான்..." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா கட்டைப் பிரித்து ஒரு நோட்டீஸை எடுத்தார். பிறகு, "கத்திரிக்கோல் எடுத்தா. படத்த வெட்டிடலாம்," என்றார்.

"வேணாம்மா. படம் இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே உட்கார்ந்து நோட்டீஸ்களை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினேன். காகிதத் தவளை. அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். முதுகை அழுத்தி விட்டால் எகிறிக் குதிக்கும். என் படம் சரியாக முதுகில் வரும்படி மடித்தேன்.

மறுநாள் சர்ச் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு தவளையைத் தட்டிவிட்டேன். அது நேராக ஒரு தாத்தாவின் செருப்பில் போய் விழுந்தது. அவ்வளவுதான், வாண்டுகள் எல்லாம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. "எனக்கு! எனக்கு!"

விக்டரும் வந்தான். ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"ஏய், இது நீதானே?"

காது இரண்டும் சூடாகிவிட்டது. "நாந்தான். எங்கம்மா தச்ச டிரெஸ். எங்கம்மாதான் கிளாஸ் நடத்தறாங்க."

விக்டர் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், "எந்தங்கச்சிக்கு ஒண்ணு குடு," என்று கையை நீட்டினான்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பூனை இல்லை. ஒன்பது குழந்தைகள்! அம்மா அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முன்னால் வந்தது விக்டரின் தங்கைதான். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் கத்தினாள்.

"ஐ, தவளை அக்கா!"

முகம் குப்பென்று சிவந்தது. அம்மா என்னைப் பார்த்தார். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு, நடு மாடியில் உட்கார்ந்து, ஒரே தாவாகத் தாவினேன்.