சிவப்பாகிப்போன பச்சை டிக்

போன் அலறியது!

கம்ப்யூட்டர் மெக்கானிக் எடுத்தான்.

"காலையில ரத்தப் பரிசோதனை லேப்ல ஒரு கம்ப்யூட்டர் பார்த்தீங்களா?" பெண் குரல். அதிகாரக் குரல்.

"ஆமாங்க. புது ஓ.எஸ்., அதான் ஆபரேட்டிங் சிஸ்டம், ஏறுமான்னு செக் பண்ணச் சொன்னாங்க. ஏறும்னு சொல்லிட்டு வந்தேன். ஏன், ஏதாவது கோளாறா?"

"கம்ப்யூட்டருக்கு இல்ல. ஓனருக்கு. செத்துட்டார்!"

அரை மணியில் லேபில் நின்றான்.

ஓனர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் உறைந்த ரத்தம். காலையில் இதே நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்த மனிதர்...

இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் அளந்தார்.

"கடைசியா இந்த ரூமுக்குள்ள வந்தது நீங்கதான்னு இவர் சொல்றார்."

இவர், ஓனரின் தம்பி. ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்பவர்.

"இவனேதான் மேடம்! 'ஏறாத மெஷினை ஏறும்னு சொல்லி ஏமாத்தறியா'ன்னு அண்ணன் கத்தினார். அப்புறம் ஒரு சத்தம். இவன் விறுவிறுன்னு வெளிய போனான்!"

"பொய் மேடம்! செக் பண்ணினப்போ எல்லாமே பச்சை டிக். ஓனரே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்!"

"ரூம்ல கேமரா இருக்கே?"

"ஒரு மாசமா பதிவே ஆகல மேடம்," தம்பி முந்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். "மறுபடி செக் பண்ணுங்க. பச்சை வந்தா நீங்க சொல்றது நிஜம்."

"சிவப்பு வந்தா?"

"ஓ.எஸ். ஏறாது. நீங்க என் ஜீப்ல ஏறணும்."

மெக்கானிக் அதை இயக்கினான். பென் டிரைவைச் செருகினான். பரிசோதனை ஓடியது.

பிராசஸர்... சிவப்பு!

பாதுகாப்பு சிப்... சிவப்பு!

"பார்த்தீங்களா மேடம், புளுகன்!"

மெக்கானிக் திரையையே பார்த்தான்.

ஏறும் என்ற மெஷின் இரண்டு மணி நேரத்தில் எப்படிக் கிழடாகும்?

அதே பெட்டி. பக்கத் தகட்டில் அதே 'ஓனர் அறை' ஸ்டிக்கர்.

ஆனால்... காலையில் பாஸ்வேர்டு கேட்டதே? இப்போது கேட்கவில்லையே!

"மேடம், பெட்டியைத் திறக்கலாமா?"

"எதுக்கு? உள்ள பூதமா இருக்கு?" தம்பி சீறினார்.

"நீங்க சும்மா இருங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

தகட்டைக் கழற்றினான். உள்ளே விரலால் பெயர் எழுதலாம் போல் தூசு!

"மேடம், ப்ளோயர் வெச்சு உள்ள சுத்தமா ஊதாம நான் எந்த மெஷினையும் செக் பண்றதே இல்ல. தொழில்ல வந்த பழக்கம். காலையில ஊதின ஊதுல ஓனர் தும்மியே ஓய்ஞ்சுட்டார். இது வேற மெஷின்! ஸ்டிக்கர் ஒட்டின தகட்டை மட்டும் கழட்டி இதுல மாட்டியிருக்காங்க!"

"அப்போ அந்த மெஷின்?"

"இதே மாதிரி பெட்டி இன்னொண்ணு ரிசப்ஷன்ல பார்த்தேன்."

தம்பியின் நெற்றியில் வியர்வை. "அது... அது ரிப்பேர் மேடம். ஓடாது!"

"உங்க லேப்ல எல்லாமே ரிப்பேரா சார்?"

கான்ஸ்டபிள் தூக்கி வந்தார். மெக்கானிக் திறந்தான். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளப்பு!

ஒயர்களைப் பொருத்தினான். திரை பாஸ்வேர்டு கேட்டது.

தம்பி மெல்ல மூச்சு விட்டார். பாஸ்வேர்டு அவருக்கே தெரிந்திருந்தால் உள்ளே இருப்பதை எப்போதோ அழித்திருப்பாரே!

"செக் பண்றதுக்காக ஓனரே காலையில சொன்னார்," என்றபடி மெக்கானிக் தட்டினான்.

திறந்தது!

பரிசோதனை ஓடியது. பச்சை... பச்சை... எல்லாம் பச்சை!

"ஓ.எஸ். இருக்கட்டும். இந்த ரூம் கேமரா பதிவு இதுலதானே சேரும், அது எங்க?"

இருந்தது. இன்று காலை. மெக்கானிக் போய் இருபது நிமிடம் கழித்து...

ஓனரின் குரல். "ரத்தத்தை டெஸ்ட்டே பண்ணாம பொய் ரிப்போர்ட் குடுக்கறியாடா? இனி இந்த லேப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. நாளைக்கு நானே போலீஸுக்குப் போறேன்!"

அவர் திரும்பி உட்கார்ந்தார். அவர் பின்னால், மைக்ராஸ்கோப்பை உயர்த்திய இரு கைகள்.

தம்பியின் கைகள்!

தம்பி வாசலுக்குப் பாய்ந்தார். கான்ஸ்டபிளின் முழங்கை குறுக்கே வந்தது.

விலங்கை மாட்டிய இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"மெக்கானிக்! லாக்கப்புக்கு இவர் பொருந்துவாரான்னு ஒரு செக் பண்ணிடலாமா?"

"தேவையே இல்ல மேடம்... ஆனா உள்ள போடறதுக்கு முன்னாடி தூசு மட்டும் நல்லாத் தட்டிடுங்க!"